இம்ப்ளான்ட் அறுவை: கைடு வைத்தா, கைவாக்கிலா? முடிவெடுக்கும் வரிசையும் செய்முறையும்

இம்ப்ளான்ட் (இல்லாத பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) போடத் தொடங்கியிருக்கும் பல் மருத்துவர்களுக்கான வழிகாட்டி இது. கைவாக்கில் போடுவது என்றால் கண்ணையும் விரலையும் பக்கத்துப் பற்களையும் நம்பித் துளையிடுவது. கைடு வைத்துப் போடுவது என்றால், கணினியில் திட்டமிட்ட இடத்துக்கு டிரில்லை இழுத்துச் செல்லும் ஒரு தட்டைப் பற்கள்மேலோ ஈறின்மேலோ உட்கார வைத்து, அதிலுள்ள ஸ்லீவ் (டிரில் நுழையும் சிறு குழல்) வழியாகத் துளையிடுவது.

தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில்தான் வருகிறது. கைடு செய்வது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஸ்கேன் எடுத்து, கடைசியில் வாய் திறப்பைப் பார்த்தால், அறுவை நாளன்று டிரில் வாய்க்குள் நுழையாது. கீழே உள்ள வரிசையில் போனால் எந்த முறை என்பது ஐந்தாம் படியில் தானாகவே தெளிவாகிவிடும். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான ஊசி பற்றிய விசாரணை இரண்டு முறைக்கும் ஒன்றுதான். அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. முதலில் பல்லை வையுங்கள், பிறகு எலும்பைப் பாருங்கள்

வரப்போகும் கிரவுன் (இம்ப்ளான்டின்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) எங்கே நிற்கும், எதிர்ப்பல் அதன்மேல் எங்கே கடிக்கும் என்பதை மாடலில் மெழுகு வைத்தோ மென்பொருளிலோ முதலில் தீர்மானியுங்கள். கடைவாய்ப்பல்லில், கிரவுனை இம்ப்ளான்டோடு இறுக்கும் ஸ்குரூவின் துளை மெல்லும் பரப்பின் நடுப்பள்ளத்தில் வர வேண்டும். மேல் முன்பல்லில் அது அண்ணப் பக்கத்து மேட்டில் வர வேண்டும். உதட்டுப் பக்கம் வந்துவிட்டால் கிரவுனின் முகத்திலேயே ஓட்டை நிற்கும்.

எலும்பை முதலில் பார்த்தால் எலும்பு தடிமனாக இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும். இம்ப்ளான்ட் நன்றாகவே பிடிக்கும். ஆனால் கிரவுன் அதிலிருந்து ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சில வருடங்களில் ஸ்குரூ தளர்வதும் ஈறுக்குள் உணவு தங்குவதும் இதனால்தான்.

2. வாயிலேயே முடிவாகிவிடும் மூன்று விஷயங்கள்

ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள். கைடு வேண்டாம் என்ற முடிவு பல நேரம் இங்கேயே கிடைத்துவிடும்.

முதலாவது வாய் திறப்பு. கைடு டிரில் சாதாரண டிரில்லைவிட சுமார் 9 முதல் 10 மி.மீ. நீளம் கூடுதல், ஸ்லீவையும் ஈறையும் கடந்த பிறகுதான் அது எலும்பைத் தொடுகிறது. அதற்கு மேல் ஹேண்ட்பீஸின் தலை வேறு. முன்பற்களுக்கிடையே 40 மி.மீ. திறக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். கடைவாயில் இடைவெளி அதைவிடக் குறைவு. ஸ்டெரைல் செய்த மிக நீளமான கைடு டிரில்லை ஹேண்ட்பீஸில் மாட்டி, மோட்டாரை ஓட்டாமல், அந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். டிரில்லின் நுனி பக்கத்துப் பல்லின் மெல்லும் பரப்பு மட்டத்தில் இருக்கும்போதே ஹேண்ட்பீஸின் தலை எதிர்ப்பல்லைத் தொடாமல் நின்றால்தான் ஸ்லீவுக்குள் நுழைக்க முடியும். பாக்கு, குட்கா பழக்கத்தால் கன்னச்சதை இறுகி வாய் திறக்காமல் போனவர்கள் நம் ஊரில் குறைவில்லை. அவர்களுக்கு இந்த ஒரு சோதனையிலேயே பதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஈறின் பட்டை. எலும்போடு ஒட்டிய கெட்டியான ஈறு எவ்வளவு அகலம் என்று புரோபால் அளந்து குறியுங்கள். கைடு இருந்தால் ஈறைக் கிழிக்காமல் வட்டமாகக் குத்தியெடுத்துப் போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். 4 மி.மீ. வட்டம் எடுத்த பிறகும் கன்னப் பக்கம் குறைந்தது 2 மி.மீ. கெட்டி ஈறு மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் கைடு வைத்தாலும் ஃப்ளாப் திறந்தே, அதாவது ஈறைக் கீறி விலக்கியே, ஆக வேண்டும்.

மூன்றாவது, கைடைத் தாங்கப்போகும் பற்கள். ஆடும் பல்லின்மேல் உட்காரும் கைடும் ஆடும். அடுத்த வாரம் பிடுங்கப்போகும் பல், புதிதாக அடைக்கப்போகும் பல் இருந்தால், அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வாயை ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனுக்குப் பிறகு ஒரு ஃபில்லிங் மாறினாலும் கைடு உட்காராது.

3. சிபிசிடி: எப்படி எடுக்கச் சொல்லி அனுப்புவது

சிபிசிடி என்பது தாடை எலும்பின் முப்பரிமாண எக்ஸ்ரே. "46-க்கு (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்) சிபிசிடி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்த ஒரு பல்லைச் சுற்றி 5 செ.மீ. படம் வரும். கைவாக்கு முறைக்கு அது போதும். கைடுக்குப் போதாது. பல், ஈறின் வடிவத்தைப் பதியும் வாய் ஸ்கேனையும் எலும்புப் படத்தையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த, இரண்டிலும் தெளிவாகத் தெரியும், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மூன்று பற்களாவது தேவை. அதனால் முழு வளைவும் வரும்படி கேளுங்கள். வாக்ஸெல் (படத்தின் மிகச் சிறிய கனசதுரப் புள்ளி) 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது மேல் கீழ்ப் பற்கள் ஒட்டியிருக்கக் கூடாது; ஒட்டினால் மென்பொருளில் பிரிக்க முடியாமல் மெல்லும் பரப்பே காணாமல் போகும். நடுவில் பஞ்சு உருளை கடிக்கச் சொல்லுங்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலும் ஒரு உருளை வைத்தால் ஈறின் தடிமன் தனியாகத் தெரியும்.

உலோக கிரவுன்கள் படத்தில் நட்சத்திரம்போல் சிதறும். பொருத்தும் புள்ளியை அவற்றின்மேல் வைக்காதீர்கள். பொருத்திய பிறகு குறுக்குவெட்டில் ஒவ்வொரு பல்லாகப் போய், வாய் ஸ்கேனின் கோடு பல்லின் விளிம்போடு ஒட்டி ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கே விடும் அரை மில்லிமீட்டர் பிழை அப்படியே டிரில்லின் நுனிக்குப் போய்விடும். மென்பொருள் பச்சை விளக்கு காட்டுவதை மட்டும் நம்பி இந்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

பல்லே இல்லாத தாடைக்கு இரட்டை ஸ்கேன் வேண்டும். பல்செட்டில் 6 முதல் 8 இடங்களில் சிறு குழி தோண்டி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கட்டா பெர்ச்சா நிரப்புங்கள். செட்டை அணிந்து, கடி அச்சோடு (மேல் கீழ்த் தாடைகள் கடிக்கும் நிலையைப் பதிந்த அச்சு) ஒரு படம். செட்டை மட்டும் தனியாக வைத்து இன்னொரு படம். செட் ஈறில் சரியாக உட்காரவில்லை என்றால் முதலில் ரீலைன் செய்யுங்கள், அதாவது உள்பரப்பைப் புதிதாக நிரப்பி ஈறோடு பொருந்த வையுங்கள். தளர்ந்த செட்டை வைத்து எடுத்த படத்திலிருந்து வரும் கைடும் தளர்ந்துதான் உட்காரும்.

4. அளவுக் கணக்கு

காகிதத்தில் எழுதிப் போடுங்கள். பக்கத்துப் பல்லிலிருந்து இம்ப்ளான்டுக்கு 1.5 மி.மீ. இரண்டு இம்ப்ளான்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு மேலே 2 மி.மீ. கன்னப் பக்க எலும்பு 1.5 முதல் 2 மி.மீ. முன்பல்லில் இம்ப்ளான்டின் தலை, வரப்போகும் ஈறு விளிம்பிலிருந்து வேர்ப் பக்கமாக 3 முதல் 4 மி.மீ. உள்ளே.

4 மி.மீ. இம்ப்ளான்ட் ஒன்றுக்குப் பற்களுக்கிடையே 7 மி.மீ. வேண்டும், அதே அளவில் இரண்டு போட 1.5 + 4 + 3 + 4 + 1.5, ஆக 14 மி.மீ. உங்களிடம் இருக்கும் இடத்திலிருந்து இதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கை பிசகினாலும் தாங்கும் அளவு.

அந்த மிச்சத்தை எதோடு ஒப்பிடுவது? 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 471 பேருக்குக் கைடு வைத்துப் போட்ட 2238 இம்ப்ளான்டுகளை எடுத்துப் பார்த்தது. சராசரி விலகல் நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி. பல்லே இல்லாத வாயைவிடச் சில பற்கள் மிஞ்சியிருக்கும் வாயில் துல்லியம் கூடுதல். கைடு வைத்தும் சராசரியே இவ்வளவு விலகுகிறது. அதனால் "கைடுதான் இருக்கிறதே" என்று நரம்புக்கு மேல் விடும் 2 மி.மீ.-ஐ 1 ஆகக் குறைப்பது பெரிய தவறு. மற்ற பல அலட்சியங்களை மறுபடி செய்து சரிக்கட்டலாம். மரத்துப்போன உதட்டுக்கு அது முடியாது.

கைவாக்கில் 5 டிகிரி சாய்வது கண்ணுக்கே தெரியாது. 12 மி.மீ. இம்ப்ளான்டின் நுனியில் அது 1 மி.மீ. ஆகிவிடும்.

5. முடிவு: எந்த வாய்க்கு எது

*கீழ் முதல் கடைவாய்ப்பல், ஒன்று மட்டும், இரு பக்கமும் பற்கள்.* எலும்பு அகலம் 8 மி.மீ.க்கு மேல், நரம்புக்கு மேல் 13 மி.மீ.க்கு மேல் உயரம் இருந்தால் கைவாக்கே போதும். பக்கத்துப் பற்கள் இரண்டும் திசை காட்டுகின்றன. ஃப்ளாப் திறந்தால் எலும்பு நேராகத் தெரிகிறது. குளிர்ந்த சலைன் தடையில்லாமல் துளைக்குள் போகிறது. இந்த இடத்துக்கு முழுக் கைடு செய்தால் செலவும் வாய் திறப்புச் சிக்கலும்தான் மிச்சம். கை இன்னும் பழகவில்லை என்றால் 2 மி.மீ. விட்டமுள்ள முதல் டிரில்லை மட்டும் வழிநடத்தும் பைலட் கைடு செய்துகொள்ளுங்கள்.

*மேல் முன்பல்.* இங்கே கைடு பக்கம் சாயுங்கள். அழகு கெட அரை மில்லிமீட்டர் போதும். பிடுங்கிய குழியிலேயே உடனே போடுவதென்றால் இன்னும் கட்டாயம். அண்ணப் பக்கச் சுவர் சரிவாகவும் கெட்டியாகவும் இருப்பதால் டிரில் அதில் வழுக்கி உதட்டுப் பக்கம் ஓடும். துளை வரைக்கும் கைடு வைத்துவிட்டு இம்ப்ளான்டைக் கையால் திருகினால், திருகும்போதும் அதே பக்கம் சாயும். அதனால் இம்ப்ளான்டும் ஸ்லீவ் வழியாகவே இறங்கும் முழுக் கைடு எடுங்கள். உதட்டுப் பக்க எலும்புக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும்; அதை எலும்புத் தூளால் நிரப்பலாம்.

*கடைசிப் பற்கள் இல்லாத இடம்.* கைடின் பின்பக்கம் தாங்க ஆளில்லை. டிரில்லை அழுத்தும்போது அது பலகை நுனிபோல் வளையும். இம்ப்ளான்ட் சாய்ந்து, ஆழமாகவும் இறங்கும். ஆங்கர் பின் (கைடை எலும்போடு பூட்டும் ஊசி) வைக்க இடமிருந்தால் கைடு. இல்லையென்றால் பைலட் கைடோடு நிறுத்திக் கைவாக்கில் முடியுங்கள்.

*பல்லே இல்லாத தாடை, நான்கு அல்லது ஆறு இம்ப்ளான்ட்.* திசை காட்டப் பல் ஒன்றுமில்லை, இம்ப்ளான்டுகள் ஒன்றுக்கொன்று இணையாகவோ திட்டமிட்ட சாய்விலோ வர வேண்டும். கைடு மிகவும் உதவும், குறைந்தது மூன்று ஆங்கர் பின்களோடு. எலும்பு முகட்டைப் பல மில்லிமீட்டர் சீவ வேண்டியிருந்தால் ஈறின்மேல் உட்காரும் கைடு உதவாது. எலும்பின்மேல் உட்காருவது வேண்டும்.

*எலும்பு ஒட்டுதல் சேர்ந்த கேஸ், மெலிந்த முகடு.* எப்படியும் பெரிய ஃப்ளாப் திறந்து கண்ணால் பார்க்கத்தான் போகிறீர்கள். கைடு இருக்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டி ஈறைத் திறக்காமல் விடக் கூடாது.

*வாய் திறப்பு குறைந்தவர்கள்.* பக்கவாட்டில் திறந்த ஸ்லீவ் உள்ள கைடில் டிரில் கன்னப் பக்கத்திலிருந்து நுழையும். அது சில மில்லிமீட்டர் மிச்சப்படுத்தும். அதுவும் போதாவிட்டால் குட்டை டிரில்லோடு கைவாக்கு. கேமராவும் திரையும் கொண்ட டைனமிக் நேவிகேஷன் இருந்தால் சாதாரண நீள டிரில்லே போதும். ஆனால் வாயைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத் துளையிட மாடலில் நிறையப் பழகிய பிறகுதான் நோயாளியிடம் வர வேண்டும்.

6. கைடு என்று முடிவானால்: வடிவமைப்பு

இந்தப் படியில் நிதானம் தேவை. நோயாளிக்கு ஆபத்து வரும் பிழை ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது.

ஸ்லீவின் மேல்விளிம்பிலிருந்து இம்ப்ளான்டின் தலை வரை உள்ள தூரம் ஆஃப்செட். 10 மி.மீ. இம்ப்ளான்ட், 9 மி.மீ. ஆஃப்செட் என்றால் டிரில் ஸ்லீவின் மேலிருந்து 19 மி.மீ. இறங்க வேண்டும். ஒவ்வொரு கிட்டுக்கும் ஆஃப்செட் வேறு. ஒரு கிட்டின் கணக்கில் திட்டமிட்டு, வேறு கிட்டின் டிரில்லை எடுத்தால் 1.5 அல்லது 2 மி.மீ. கூடுதலாக இறங்கும். நரம்புக்கு மேல் நீங்கள் விட்ட இடைவெளி முழுதும் அதோடு போய்விடும். கேஸ் தாளில் மூன்று எண்களைக் கையால் எழுதுங்கள்: ஸ்லீவ் விட்டம், ஆஃப்செட், டிரில் நீளம். அறுவைக்கு முன் டிரில்லின் ஸ்டாப்பிலிருந்து நுனி வரை ஸ்டெரைல் ஸ்கேலில் அளந்து, எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஸ்லீவுக்கும் டிரில்லுக்கும் நடுவே சிறிது தளர்வு இருந்தே தீரும். 5 மி.மீ. உயர ஸ்லீவில் 0.1 மி.மீ. தளர்வு என்றால் சாய்வு 1 டிகிரிக்குச் சற்று மேல். ஸ்லீவின் அடியிலிருந்து 15 மி.மீ. தள்ளி நுனியில் 0.3 மி.மீ. விலகல். அதனால் ஸ்லீவை எலும்புக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க ஈறு இடம்கொடுக்கிறதோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள்.

தட்டின் தடிமன் 2.5 முதல் 3 மி.மீ. அதைவிட மெலிந்தால் வளையும். முடிந்தவரை முழு வளைவையும் தழுவட்டும். மூன்று நான்கு பற்களின் முகட்டுக்கு நேரே சிறு ஜன்னல்கள் விடுங்கள். கைடு முழுதாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க வேறு வழியே இல்லை.

கைடை ரெசினில் 3டி பிரின்ட் செய்யும்போது, அதைத் தாங்கும் சப்போர்ட் குச்சிகள் பல்லைத் தொடும் உள்பரப்பில் வரக் கூடாது. உடைத்த இடத்து மேடு கைடைத் தூக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவும் நேரமும் ஒளியில் கடினமாக்கும் நேரமும் ரெசின் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்கட்டும். ஆல்கஹாலில் அதிகம் ஊறினால் ரெசின் உப்பும். ஆட்டோகிளேவ் வெப்பத்தில் சில ரெசின்கள் வடிவம் மாறும், சில தாங்கும். பாட்டிலோடு வரும் தாளைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

7. கைடு வைத்துத் துளையிடும் நாள்

மரப்பு ஊசிக்கு முன்பே கைடை வாயில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் பல்லுக்கும் தட்டுக்கும் நடுவே இருட்டுக் கோடு தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பிறகு வலக் கடைவாய்ப்பல்லின்மேல் விரலால் அழுத்துங்கள். இடப்பக்கம் எழும்பினால் எங்கோ முட்டுகிறது. அழுத்தி உட்கார வைத்துத் துளையிடலாம் என்று நினைக்க வேண்டாம். கைடு முழுதாக உட்காராமல் போட்டால் இம்ப்ளான்ட் அத்தனை மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும்.

ஈறின்மேல் உட்காரும் கைடில் இன்னொரு எச்சரிக்கை. ஊசி மருந்து ஈறை உப்ப வைக்கும். உப்பிய ஈறின்மேல் கைடு சரியாக உட்காராது. ஆங்கர் பின் இடங்களுக்கு மட்டும் கொஞ்சம் மருந்து கொடுத்து, கடி அச்சைக் கடிக்கச் சொல்லி, பின்களைப் பூட்டிய பிறகு மற்ற இடங்களுக்குக் கொடுங்கள்.

அடுத்தது சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே கெட்டுப்போகும். கைடு, வெளியிலிருந்து வரும் சலைனை மறைத்துவிடுகிறது. அதனால் டிரில்லை ஒரேயடியாக இறக்காமல், ஓரிரு மில்லிமீட்டர் இறக்கி முழுதும் வெளியே எடுங்கள்; உதவியாளர் ஸ்லீவுக்கு அடியில் தனி சிரிஞ்சால் குளிர்ந்த சலைன் அடிக்கட்டும். வெளியே வரும் டிரில்லின் பள்ளங்களில் எலும்புத் துகள் ஈரமாக, வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறி உலர்ந்திருந்தால் நிறுத்தி, டிரில்லை மாற்றுங்கள்.

டிரில் ஸ்லீவுக்குள் நுழைந்த பிறகுதான் மோட்டாரை ஓட்ட வேண்டும். ஓடும் டிரில்லை நுழைத்தால் ஸ்லீவின் விளிம்பைச் சுரண்டி, உலோகத் தூள் துளைக்குள் விழும்.

8. கைவாக்கில் என்று முடிவானால்

ஃப்ளாப் திறந்து முகட்டைச் சுத்தமாகப் பாருங்கள். முகடு சரிந்திருந்தால் ஆழத்தைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து கணக்கிடுங்கள், பெரும்பாலும் அது கன்னப் பக்கம். உயர்ந்த பக்கத்திலிருந்து அளந்தால் கன்னப் பக்கம் இம்ப்ளான்டின் திரெட் (திருகு மரை) எலும்புக்கு வெளியே தெரியும்.

பக்கத்துப் பல்லிலிருந்து புரோபால் அளந்து, வட்ட பர் அல்லது கூர்முனை டிரில்லால் புள்ளி குத்துங்கள். 4 மி.மீ. இம்ப்ளான்டுக்கு அந்தப் புள்ளி பல்லிலிருந்து குறைந்தது 3.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்: 1.5 இடைவெளி, 2 ஆரம். ஆரத்தைக் கூட்டாமல் 1.5 மி.மீ.-இல் புள்ளி வைத்து, பல்லின் வேரை உரசுவது அடிக்கடி நடக்கிறது.

2 மி.மீ. டிரில்லை நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றில் 6 அல்லது 7 மி.மீ. மட்டும் இறக்கி நிறுத்துங்கள். துளையில் திசை காட்டும் பின்னை வைத்து, எதிரிலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். நோயாளியை மெதுவாக வாய் மூடச் சொன்னால் பின் எதிர்ப்பல்லின் எந்த இடத்தை நோக்குகிறது என்று தெரியும். சாய்வைத் திருத்த இதுதான் நேரம். பக்கம் வெட்டும் டிரில்லால் திருத்துங்கள். முழு ஆழம் போன பிறகு டிரில் பழைய துளைக்குள்ளேயே ஓடும்.

இப்போது எக்ஸ்ரே. அது முன்பின் சாய்வையும் ஆழத்தையும் மட்டும் காட்டும். கன்னம், நாக்கு பக்கச் சாய்வைக் காட்டாது. அதற்குக் கண்ணும் விரலும்தான். கீழ்க் கடைவாயில் நாக்குப் பக்கம் எலும்புக்கு அடியில் ஒரு குழிவு உண்டு. டிரில் அங்கே வெளியேறி ரத்தக்குழாயைக் கிழித்தால் வாயின் தரை வீங்கி மூச்சே அடைக்கும். ஒரு விரலை நாக்குப் பக்கச் சுவரில் வைத்தபடியே துளையிடுங்கள்.

கடைவாயில் வழக்கமாக வரும் சாய்வு ஒன்று. ஹேண்ட்பீஸ் எதிர்ப்பல்லில் இடிக்கும்போது அதன் தலை முன்னோக்கிச் சாயும். துளையின் அடி பின்னோக்கி ஓடும். இடிக்கிறது என்று தெரிந்தவுடன் குட்டை டிரில்லுக்கு மாறுங்கள். பக்கத்துப் பல் டிரில் தண்டில் முட்டினால் மட்டும் நீட்டிப்பைச் சேருங்கள்.

டிரில்லின் கோடு காட்டும் ஆழத்துக்கு அப்பால் அதன் கூர்முனை அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை நீண்டிருக்கலாம். 2 மி.மீ. இடைவெளியைக் கணக்கிடும்போது அதையும் சேருங்கள்.

9. கைடை நடுவில் கழற்ற வேண்டிய தருணம்

கைடு வைத்த ஒவ்வொரு அறுவைக்கும் சாதாரண டிரில் கிட்டும் ஃப்ளாப் திறக்கும் கருவிகளும் மேசையில் தயாராக இருக்க வேண்டும். பைலட் துளைக்குப் பிறகு கைடைக் கழற்றி, திசை காட்டும் பின்னை வைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பது கட்டாயம். நேரம் ஆகிறது என்று விட வேண்டாம். பின் திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை, துளையின் சுவரைப் புரோபால் தடவும்போது ஒரு பக்கம் எலும்பே தட்டவில்லை, தட்டில் விரிசல், டிரில் எதிர்ப்பின்றிச் சட்டென்று உள்ளே போனது: இவற்றில் எது நடந்தாலும் கைடை ஓரம் வைத்துவிட்டு, ஃப்ளாப் திறந்து கண்ணால் பாருங்கள். கைவாக்கில் முடிக்கத் தெரியாதவர் இந்த இடத்தில் தவறான துளையிலேயே தொடர்ந்துவிடுகிறார். அதனால்தான் எளிய கடைவாய்க் கேஸ்களில் கைவாக்கைப் பழகிவிட்டு முழுக் கைடுக்கு வாருங்கள் என்று சொல்கிறோம்.

இம்ப்ளான்ட் இறங்கியதும் எந்த முறையானாலும் ஒரு எக்ஸ்ரே. கீழ்த்தாடை என்றால் மரப்பு விட வேண்டிய நேரத்துக்குப் பிறகு, அன்று மாலையே நோயாளிக்கு போன் செய்து உதடும் தாடை முனையும் உணர்வு திரும்பியதா என்று கேளுங்கள். திரும்பவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே வரச் சொல்லிப் படம் எடுங்கள். நரம்பை அழுத்துகிறது என்றால் முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் இம்ப்ளான்டை எடுத்துவிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க நரம்பு மீளும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.